சோத்துக்கை

இவரை ஒரு கதிரையில் ஆடாமல் அசையாமல் அரை மணித்தியாலம் இருத்திக் காட்டுகிற ஆளுக்கு என் தாலிக்கொடியைக் கழற்றித் தருவேன் என்று, கலியாணம் முடித்த புதிதிலேயே நான் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன். சொல்லி ஏழெட்டு வருசமாகிறது. கொடி இன்னும் என் கழுத்தில்தான் கிடக்கிறது. எவரும் வந்து கேட்கவில்லை.

இவர் என்றால் என் மனுசன் அம்புறோஸ். ஊர் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் பாசையூர். இப்போது ஜெர்மனியில், கொலோனில், மூல்ஹைம் பக்கம், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். இருக்கிறோம் என்று நான் சொல்வது என்னைப் பற்றி. இவர் எங்கே இருக்கிறார்? சாப்பிடும்போது கால் ஆடும். கால் ஆட மேசை ஆடும். மேசை ஆடக் கோப்பையில் சொதி ஆடும். காலை ஆட்டாதேங்கோ, வீட்டுக்குக் கூடாது என்று ஒரு அதட்டுப் போட்டால் கால் நிற்கும், விரல் தொடங்கும். கோயிலில் பிரசங்கம் நீண்டால், முழங்காலில் நிற்கிற பலகையின் திருகாணியை நகத்தால் கழற்றிக்கொண்டிருப்பார். ஒருநாள் எங்கள் வரிசை எழும்பி நிற்க, பலகை தன்பாட்டில் கழன்று விழுந்தது. சுவாமியார் பிரசங்கத்தை அதோடு முடித்துக்கொண்டார். பூசை முடியச் சனம் வந்து இவருக்கு நன்றி சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறவியிலேயே இப்படி இல்லையாம். எண்பத்தைந்தில் கிழக்குப் பேர்லினுக்குள்ளால் வந்து சேர்ந்தவர். ஒரு சின்னப் பட்டினத்தில் அகதி விடுதியில் போட்டார்கள். வேலை செய்யக்கூடாது, அந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது, முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். உழைத்துப் பழகின ஆம்பிளையைக் கட்டிலில் இருத்தி, சாப்பாடும் போட்டு, ஒன்றும் செய்யாதே என்று சொல்வதும் ஒரு தண்டனைதான். மற்றவர்கள் காட்ஸ் விளையாடினார்கள், குடித்தார்கள், படுத்தார்கள். இவர் நடந்தார். நடந்து அலுத்ததும் விடுதி வானொலியைக் கழற்றினார். பிறகு கதவுப் பூட்டு. பிறகு அடுப்பு. எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டிவிட்டேன் என்று சத்தியம் பண்ணுவார். அடுப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார். விசா கிடைத்து, வேலை கிடைத்து, நானும் வந்து சேர்ந்த பிறகும் அந்தக் காத்திருப்பு இவருடைய கையையும் காலையும் விட்டுப் போகவில்லை.

வேலை, கையில்லாதவர்களுக்குக் கையும் காலில்லாதவர்களுக்குக் காலும் செய்கிற ஒரு பட்டறையில். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைத்திருக்கிற ஆட்கள் அளவெடுத்துச் செய்வதை உரஞ்சிக் கொடுப்பதும் துளை போடுவதும்தான் இவருடைய பங்கு. அங்கே மிஞ்சுகிற துண்டு துணுக்கெல்லாம் பட்டறையை நடத்துகிற மைஸ்ரரிடம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும். அது போதாதென்று ஸ்பெர்முல் நாள். சனம் தங்களுக்கு வேண்டாத தளபாடங்களைத் தெருவோரம் வைக்கிற அந்த நாளுக்கு இவர் பெருநாளுக்கு வெளிக்கிடுகிற மாதிரி வெளிக்கிடுவார். எங்கள் நிலக்கீழறையில் எத்தனை குறடு, எத்தனை திருகி என்று மாதாவுக்குத்தான் தெரியும். அறுக்கமாட்டாதவன் இடுப்பிலே ஐம்பத்தெட்டு அரிவாள் என்று நான் அடிக்கடி சொல்வேன். இவர் சிரித்துக்கொண்டே ஐம்பத்தொன்பதாவதைத் தேடிப் போவார்.

வாத்தியப் பைத்தியம் பேனாட்டின் ஆர்மோனியத்தில் தொடங்கியது. பேனாட் எங்கள் தமிழ்ப் பூசைக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவர். வேலை செய்த பாண் பேக்கரியில் மா குழைக்கிற இயந்திரம் இடது கையை இழுத்துப்போட்டது. கை மிஞ்சியது, முழங்கை மடங்காது. ஆர்மோனியத்துக்கு வலது கை கட்டையில் ஓட இடது கை பின்னால் காற்றடிக்க வேண்டும். பேனாட் பெட்டியைப் போர்வையால் மூடி வைத்துவிட்டார். இவருக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. பாட்டென்று வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்லும். ஆனால் மூடிக் கிடக்கிற சாமான் எதையும் இவரால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. யாரோ எறிந்த தையல் மெசினின் மிதியையும் சைக்கிள் பிறேக் வயரையும் வைத்து, காலால் மிதிக்கக் காற்றடிக்கிற மாதிரி ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார். முதல் பூசையில் சுவாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரம் பார்த்து மிதி கீச்சிட்டது. அடுத்த ஞாயிறு தேங்காயெண்ணெய் விட்டுச் சத்தத்தை நிற்பாட்டினார். கோயிலெல்லாம் பலகாரம் சுடுகிற மணம்.

அதற்குப் பிறகு, கை ஏலாத யாருக்காவது ஒரு வாத்தியம் வேண்டுமென்றால் அம்புறோஸைக் கேள் என்று பேச்சாகிவிட்டது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான். மடி என்னுடையது.

தொண்ணூற்றாறாம் வருசம் இளவேனிலில் வூப்பெர்டாலிலிருந்து கமலநாயகி ரீச்சர் ரெலிபோனில் கதைத்தாள். முன்பே தெரிந்தவள்தான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிறவள். பொம்பிளை மிருதங்கம் அடிக்கிறதோ என்று வாயைப் பிளந்த சனத்தின் வாயை அடித்தே மூடினவள். கொலோனில் ஒவ்வொரு வருசமும் நடக்கிற வாணி விழாவில் பிள்ளைகளின் நடனம் அத்தனைக்கும் அவள்தான் மிருதங்கம். போன வருசம் அவள் வருத்தம் வந்து படுத்துவிட்டாள் என்று, மிருதங்கத்துக்குப் பதிலாகப் பாட்டுக் கசற் போட்டார்கள். விழாவை நடத்துகிற சோதிலிங்கம், இனி எந்நாளும் கசற்றே போதும், கசற் பிழைவிடாது, கசற்றுக்கு வருத்தமும் வராது என்று சபையிலேயே சொல்லிவிட்டார். பகிடிக்குச் சொன்னதாம். அந்தப் பகிடி அவளுடைய நெஞ்சில் போய்க் குத்தி நின்றது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வருகிற வாணி விழாவில் மேடையில் இருந்து தன் கையால் அடிக்க வேண்டும். சபை கேட்க வேண்டும். பிறகு என்ன வந்தாலும் வரட்டும் என்றாளாம்.

நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் ரெலிபோன் வயரை விரலில் சுற்றிச் சுற்றிக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"எந்தக் கை ரீச்சர் ஏலாது?"

அவள் சொன்னதை இவர் எனக்குப் பிறகு சொல்லுக்குச் சொல் ஒப்புவித்தார்: "சோத்துக்கைதான் அண்ணை இப்ப எனக்கு எல்லாத்துக்கும். மற்றது தூக்க ஏலாது. விரலும் மணிக்கட்டும் ஓடும், தோள்தான் விடுகுதில்லை."

என்ன நடந்தது என்று இவர் கேட்டிருக்கிறார். அவள் குரலைத் தணித்தாளாம். பிறகு, ஒரு வருத்தம் என்றாளாம். ஒரு பொம்பிளை குரலைத் தணித்து வருத்தம் என்று சொன்னால் எங்கள் ஆம்பிளைகள் இரண்டாம் கேள்வி கேட்கமாட்டார்கள். இவரும் கேட்கவில்லை. கேட்கவும் என்ன இருக்கிறது? எங்கள் சனத்துக்குச் சோத்துக்கை என்றால் வலது கை. பிள்ளைக்கு வலது இடது காட்டிக் கொடுக்கிறதே சோறு தின்கிற கையை வைத்துத்தான். மற்றக் கைக்குச் சொல்கிற பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். ஆகவே வலது நல்லது, இடது தூக்க ஏலாது. முடிந்தது கதை என்று இவர் நிலக்கீழறைக்கு இறங்கிவிட்டார்.

மிருதங்கம் மடியில் குறுக்கே கிடக்கிற சாமான். வலது வாய்க்கு வலந்தலை என்றும் இடது வாய்க்குத் தொப்பி என்றும் பெயர். இரண்டு கையும் விரிந்து வெளியிலிருந்து உள்ளே அடிக்க வேண்டும். தோள் விரியாத கை அங்கே எட்டாது. நடுவால் அறுத்து இரண்டையும் நிமிர்த்தி வைத்தால் என்ன என்று இவர் முதலில் வாளைத் தூக்கினார். இரவல் மிருதங்கம். நல்லகாலம், பேனாட் வந்து கையைப் பிடித்தார். ஒரு பக்கம் அடிக்க மற்றப் பக்கமும் சேர்ந்து அதிரவேணும், அறுத்தால் மிஞ்சுகிறது சட்டிதான் என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் தாங்கி செய்கிற யோசனை வந்தது. மிருதங்கத்தை நல்ல கைப் பக்கமாக நன்றாகத் தள்ளிச் சாய்த்து வைத்தால், ஏலாத கைப் பக்கத்து வாய் வயிற்றுக்கு முன்னால் வந்துவிடும். ஏலாத கையைத் தூக்கத் தேவையில்லை. வளைந்து நீளுகிற மேசை விளக்கு ஒன்றின் கம்பிச் சுருளில் ஒரு தொட்டிலைக் கட்டி, முன்னங்கையை அதில் கிடத்தினால் பாரம் தெரியாது, மணிக்கட்டு தன்பாட்டில் ஆடும். எல்லாம் ஆடாமல் நிற்க நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார்.

சோதனை எலி நான். என் இடது கையை இவருடைய மப்ளரால் விலாவோடு சேர்த்துக் கட்டி, தாங்கிக்கு முன்னால் இருத்தி, அடியும் என்பார். அடுப்பில் குழம்பு கிடக்கிறது என்றால் கேட்கிற மனுசனா? இன்னும் இரண்டு விரல் பதிக்க வேணும், இன்னும் ஒரு விரல் உயர்த்த வேணும் என்று ஒவ்வொரு நாளும் பூட்டிக் கழற்றிப் பூட்டினார். முடிந்த சாமானை முடிந்தது என்று விட இவருக்கு வராது. போதும், கொண்டுபோய்க் குடுங்கோ என்று நான் கத்தின பிறகுதான் ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, தாங்கியைப் படுக்கை விரிப்பால் சுற்றிக்கொண்டு வூப்பெர்டாலுக்கு ரயில் ஏறினோம். எதிரில் இருந்த ஜெர்மன்காரக் கிழவர் அந்தப் பொட்டலத்தை இறங்கும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

ரீச்சருடைய மனுசன் தவராசா வேலைக்குப் போயிருந்தார். அவள் எங்களை இருத்தி, பலகாரத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். இடது கையால்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. வீட்டுக்கு வந்த சனத்துக்கு இடது கையால் நீட்டுகிறதோ? ரீச்சர் என்ற திமிரோ, நாங்கள் பாசையூர்க் கடற்கரைச் சனம் என்ற இளக்காரமோ என்று என் புத்தி எங்கெல்லாமோ ஓடியது. வாங்காமல் இருந்தேன். அப்போது இவருடைய கால் ஆடுவது நின்றது. அது நின்றால் எனக்குப் பயம். இவர் தட்டைப் பார்க்கவில்லை. அவளுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது விலாவோடு ஒட்டிக் கிடந்தது.

"ரீச்சர்," என்றார், "நீங்கள் எந்தக் கையால சாப்பிடுறியள்?"

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தட்டை வைத்துவிட்டு, விரிப்பை விலக்கித் தாங்கியைப் பார்த்தாள். தொட்டில் இடது பக்கம், மிருதங்கம் வலது பக்கம். எல்லாம் தலைகீழ். இவருடைய முகம் வெளுத்துப்போனது.

"ஐயோ அண்ணை, பிழை என்னில," என்றாள் கமலநாயகி. "வலது ஏலாமல் போக, இடது கையால சோறு தின்னுறது முதல் நாள் தொண்டைக்குள்ள இறங்கேல்லை. பிறகு அந்தக் கைக்குத்தான் சோத்துக்கை எண்டு பேர் வைச்சன். வீட்டில இப்ப எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது. பேர் மாறினால் சோறு கோவிக்காது எண்டு நினைச்சன்."

நான் தட்டிலிருந்து இரண்டு பலகாரம் எடுத்து வாயில் போட்டேன். வேறென்ன செய்ய?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்காமல் செய்த வேலை. இந்தமுறை அளக்காமல் போவதில்லை என்று நான் எழும்பினேன். இவர் ஒரு பொம்பிளையின் தோளையும் கக்கத்தையும் அளக்க முடியாது. ஆகவே தையல் நாடாவை வாங்கிக்கொண்டு நான்தான் அறைக்குள் போனேன். அவள் கதவைச் சாத்தினாள். சட்டையைக் கழற்றினாள். வலது பக்கம் மார்பு இல்லை. தழும்பு கோணலாக ஏறிக் கக்கத்துக்குள் போய் முடிந்தது. கழற்றின சட்டைக்குள் மடித்து வைத்திருந்த துணி கீழே விழ, அவள் குனிய ஏலாமல் நின்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். நாடாவை இழுத்து இழுத்துச் சரிபண்ணினேன்.

"எனக்கும் அவருக்கும் டொக்டருக்கும்தான் தெரியும் அக்கா," என்றாள். "பிள்ளையளுக்கும் தெரியாது. கை ஏலாது எண்டு மட்டும்தான் சொல்லியிருக்கிறன்."

ரயிலில் நான் இவருக்கு அளவுகளை மட்டும் சொன்னேன். தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு, விலாவிலிருந்து கை எவ்வளவு தூரம் விலகும். இவர் வாய்க்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். கொலோன் பாலம் வரும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த வார் நெஞ்சில அழுத்தக்கூடாதோ?"

"கூடாது," என்றேன்.

"சரி," என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இந்த மனுசனை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அந்தச் சரிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

பிழையான தாங்கியை அடுத்த ஸ்பெர்முல் நாளில் இவரே தூக்கிக்கொண்டுபோய்த் தெருவோரம் வைத்தார். வைத்துவிட்டு யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். குப்பை லொறி திரும்புகிற சத்தம் கேட்டதும் கட்டின சாரத்தோடு மூன்று மாடியும் இறங்கி ஓடி, லொறிக்காரனோடு இழுபறிப்பட்டுத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார். முழுத் தெருவும் பார்த்தது. எனக்கு வந்த விசரில், இனி அது எனக்குத்தான் என்று பறித்து, யன்னலோரம் வைத்து, என் கறிவேப்பிலைச் சாடியை அதன் மேல் ஏற்றிவிட்டேன். மிருதங்கம் கிடக்க வேண்டிய இடத்தில் சாடி சொல்லிவைத்த மாதிரிப் பொருந்தியது.

இரண்டாவது தாங்கியில் மைஸ்ரரும் கைவைத்தார். விளக்குக் கம்பியின் சுருள் ஒரு வருசத்தில் தளர்ந்துவிடும் என்று பட்டறையிலிருந்து நல்ல சுருள் கொடுத்தார். தொட்டில் முழங்கையையும் தாங்கினால்தான் தோள் களைக்காது என்று காட்டினார். தொட்டில் வலது பக்கம், மிருதங்கம் இடது பக்கம், வார் இல்லை. கமலநாயகி இரண்டு முறை வந்து இருந்து பார்த்தாள். அவளுக்குக் கைப்பயிற்சி கொடுக்கிற ஜெர்மன்காரப் பொம்பிளையும், பாரமில்லாமல் ஆடினால் அந்தத் தோளுக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டாளாம். வலந்தலையில் அவள் அடித்த முதல் அடி எங்கள் குசினிக் கோப்பைகளில் கேட்டது. அவள் அழுதாள், நான் அழுதேன், இவர் இன்னும் ஒரு விரல் பதிக்க வேணும் என்று திருகியைத் தேடினார்.

வாணி விழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில், கொண்டுபோய்க் கொடுக்கத் தாங்கியைத் துடைத்து வைத்திருந்த நேரம் ரெலிபோன் வந்தது. நான் எடுக்க, அவளுடைய மனுசன் தவராசா கதைத்தார். இடது பக்கத்திலும் கட்டி கண்டிருக்கிறார்களாம். உடனே வெட்ட வேண்டும் என்று நாள் குறித்து டெர்மின் கொடுத்துவிட்டார்கள், அடுத்த கிழமையே. அவர் சொல்லிக்கொண்டு போக, பின்னால் அவளுடைய குரல் கேட்டது: அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, இனி வேண்டாமெண்டு.

அந்த வருசமும் கசற்தான். இவர் போகவே மாட்டேன் என்றார், நான்தான் போனேன். பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள். கசற் ஒரு பிழையும் விடவில்லை. நடுவில் எழும்பி வந்துவிட்டேன்.

அந்த மாரி முழுக்க இவர் ஒரு நிலையில் இல்லை. இரண்டாவது தாங்கியை ஒருநாள் கழற்றினார். திருப்பிப் பூட்டினார். பிறகு கழற்றினது கழற்றினபடியே பெட்டிக்குள் போனது. மைஸ்ரரின் சுருளை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பிறகு கண் முதல் தாங்கியில் விழுந்தது. நான் வேலைக்குப் போய்வரும்போது சாடி நிலத்தில் இருக்கும், இவர் கையில் திருகி இருக்கும். கறிவேப்பிலையில் கை வைச்சால் கை இராது என்று நான் நின்று கத்துவேன். குளிருக்குள் பிள்ளை மாதிரி வளர்த்த மரம். இந்த ஊரில் அது ஒரு இலை விடப் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். நிலத்துக் குளிர் பிடித்தால் பட்டுப்போகும். அந்தச் சாடிக்காக நான் எத்தனை சண்டை பிடித்தேனோ அத்தனை முறை அந்தத் தாங்கி தப்பியது.

கமலநாயகி மருந்தேற்றுகிறாள் என்று கேள்விப்பட்டோம். தலைமயிர் கொட்டிவிட்டது என்றார்கள். நான் அந்தோனியாருக்கு நேர்ந்தேன்; அவள் சைவம், அந்தோனியார் அதையெல்லாம் பார்க்கமாட்டார். வெயில் வரத் தொடங்கின காலம் ஒருநாள் ரெலிபோன் அடிக்க எடுத்தேன். அவள்தான். குரல் மெலிந்து கிடந்தது. சுகம் விசாரித்து முடிய, கை எப்படி என்று கேட்டேன்.

"இடது இப்ப தூக்க ஏலாது அக்கா. ஆனால் வலது மெல்ல மெல்ல வந்திட்டுது. தோள் மட்டம் வரைக்கும் போகுது."

நான் முதல் பிழையை மறக்கிற ஆள் இல்லை. "ரீச்சர், இப்ப எந்தக் கையால சாப்பிடுறியள்?" என்றேன்.

"வலதால."

"வலது எண்டால் வலதோ?"

"வலது எண்டால் வலதுதான் அக்கா," என்று சிரித்தாள். சிரித்து முடியச் சத்தம் தணிந்தது. "அண்ணை முதல் பிழையாச் செய்தது... அது கிடக்கோ?"

நான் யன்னலைப் பார்த்தேன். தொட்டில் இடது பக்கம். சாடி வலது பக்கம். கறிவேப்பிலை புதுக் கொழுந்து விட்டிருந்தது.

"கிடக்கு ரீச்சர்," என்றேன். "ஒரு மரம் வளருது அதில. இறக்கித் தாறம்."

இவர் வேலையால் வந்ததும் சொன்னேன். கோட்டைக் கழற்றாமலே யன்னலடிக்குப் போனார். சாடியை இரண்டு கையாலும் தூக்கி, நிலத்தில் வைக்காமல், அடுப்புக்குப் பக்கத்தில் சூடான இடம் பார்த்து மேசையில் வைத்தார். தாங்கியில் சாடி இருந்த இடத்தில் துருப் பிடித்து ஒரு வட்டம் விழுந்திருந்தது. இனி திருகி வரும், குறடு வரும், எல்லாம் கழன்று பெட்டிக்குள் போகும் என்று நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன். வந்தது கத்தரிக்கோல். நெஞ்சுக்குக் குறுக்கே வருகிற அந்த வாரை மட்டும் வெட்டி எறிந்தார். பிறகு குளியலறைக்குத் தூக்கிக்கொண்டுபோய் என்னுடைய நல்ல சவுக்காரத்தைப் போட்டுக் கழுவினார். ஒரு திருகாணியைத் தொடவில்லை.

அந்த ஐப்பசியில் வாணி விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சோதிலிங்கம் ஆபத்துக்கு உதவும் என்று கசற்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எனக்குத் தெரியும், பை துருத்திக்கொண்டிருந்தது. கமலநாயகி தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு மேடையில் வந்து இருந்தாள். இடது கை தொட்டிலில். மிருதங்கம் வலப்பக்கம் தள்ளிச் சாய்ந்திருந்தது. தொப்பி அவளுடைய வயிற்றுக்கு முன்னால் வந்து, கனத்த நாதம் வர அதில் குழைத்த ரவை அப்பியிருந்தது. சனம் அந்தத் தாங்கியைப் பார்த்துக் குசுகுசுத்தது. அவள் வலது கையை நீட்டி வலந்தலையில் ஒரு அடி அடித்தாள். குசுகுசுப்பு நின்றது.

முதல் நடனம் ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் ஒரு இடத்தில் பிழைவிட்டாள். ஒரு அடி விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. ஆடின பிள்ளையின் கால் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது, சபை திரும்பியது, சோதிலிங்கத்தின் கை பைக்குள் போனது. கமலநாயகி பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த அடியில் பிள்ளையின் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் கால் இறங்கியது, இரண்டு பேரும் சேர்ந்து ஓடினார்கள். கசற் பிழைவிடாது என்று சொன்னார்களே. அந்த ஒரு பிழையைக் கேட்டுத்தான் நான் விம்மி விம்மி அழுதேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தால், இவர் கதிரையில் இருக்கிறார். கால் ஆடவில்லை. விரல் ஆடவில்லை. எவ்வளவு நேரமாக இப்படி என்று தெரியவில்லை. நான் கழுத்தில் கையை வைத்துக் கொடியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இவரை ஆடாமல் இருத்திக் காட்டினவள், கொடியைக் கேட்டு மேடையிலிருந்து இறங்குகிற நேரம் வந்துகொண்டிருந்தது.

விழா முடிய அவள் நேரே எங்களிடம் வந்தாள். கேட்டது கொடியை அல்ல. கடலையும் அவலும் வைத்த பிரசாதத் தட்டை இவருக்கு முன்னால் நீட்டினாள், வலது கையால். தட்டில் கடலை ஆடியது. இவர் தட்டை வாங்கவில்லை. தலையைச் சாய்த்து அவளுடைய முழங்கையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு விரல் உயரும் ரீச்சர்," என்றார்.

"வாங்குங்கோ முதல்ல," என்றேன் நான். "ரீச்சர் எவ்வளவு நேரமெண்டு நீட்டிக்கொண்டு நிக்கிறது?"